நாற்பது பேரும் வைத்த பாஸ்வேர்ட்

வாத்தை நன்றாகவே வரைந்திருந்தார்கள். தலைமை ஆசிரியையின் மூக்குக் கண்ணாடி, அவருடைய கைப்பை, அவருடைய நடை. கீழே ஒரு வரி: ‘பெரிய மேடம் வருகிறார், வழி விடுங்கள்.’ ஏழாம் வகுப்பின் இணையப் பக்கத்தில், என் கணினி வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே படம் ஏறியிருந்தது. ஏற்றியவர் பெயர் இருக்கும் இடத்தில் ரேடியோவின் பெயர்.

ரேடியோ என் மாணவி. வாய் மூடாததால் வகுப்பு வைத்த பெயர் அது.

“நாளைக்கு அவ அப்பா வரட்டும். வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லிடுறேன்” என்றார் தலைமை ஆசிரியை. “நீங்க கம்ப்யூட்டர் சொல்லிக்குடுத்த லட்சணம் இது.”

தலையசைத்துவிட்டுக் கணினி அறைக்குத் திரும்பினேன். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. பாடத்துக்கு வேண்டியதை மட்டும் பேசிப் பழகிவிட்டேன்.

கணினி அறையில் ரேடியோ கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

“நான் போடல சார். எனக்கு வாத்தே வராது. நான் வரைஞ்சா உருளைக்கிழங்குக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கும்.”

“உன் பாஸ்வேர்டை யார்கிட்டயாவது சொன்னியா?”

“அதை எதுக்கு சார் சொல்லணும்? எல்லாருக்கும் அதேதானே?”

“எது?”

“நீங்க போர்டுல எழுதிக் குடுத்தது.”

வகுப்பைப் பார்த்தேன். “அதையே வெச்சவங்க கை தூக்குங்க.”

நாற்பது கைகள். கடைசியாக உயர்ந்தது வகுப்பு லீடரின் கை. பள்ளியில் ஒருமுறைகூடத் திட்டு வாங்காத பெண்.

மூன்று மாதத்துக்கு முன், முதல் வகுப்பில், உதாரணத்துக்கு ஒன்றைப் பலகையில் எழுதினேன். ஒரு பெயர், பின்னால் சில எண்கள். ‘இது மாதிரி வையுங்கள்’ என்றேன். பலகையில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் நோட்டில் இறக்கி ஆறு வருடம் பழகிய பிள்ளைகள். இறக்கிவிட்டார்கள். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே என்று அதன்பின் மூன்று பாடம் நடத்தினேன். ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அன்று கை தானாக எழுதியது என் மனைவியின் பெயர். எண்கள், எங்கள் கல்யாணத் தேதி.

மறுநாள் தலைமை ஆசிரியையின் அறையில் ரேடியோவின் அப்பா நின்றுகொண்டிருந்தார். பேருந்து ஓட்டுநர். சீருடையோடு வந்திருந்தார்.

“இவ வாய்க்குத் தண்டனைன்னா குடுங்க மேடம், வாங்கிக்கிறோம். வாத்துக்கு வேண்டாம். வீட்டுல ஒரு கோடு நேரா போட மாட்டா.”

“அப்பா!” என்றாள் ரேடியோ.

“தப்பு என்னோடது” என்று தொடங்கி நான் நடந்ததைச் சொன்னேன்.

தலைமை ஆசிரியை நம்பவில்லை. “நாப்பது பேரும் யோசிக்காம அப்படியே வெச்சாங்களா? அவளைக் காப்பாத்த ஏதோ சொல்றீங்க.”

ரேடியோ ஒரு அடி முன்னால் வந்தாள். “மேடம், அன்னிக்கு எங்களுக்கு அடுத்த பீரியட்ல உங்களுக்கும் டீச்சருங்களுக்கும் சார்தான் கிளாஸ் எடுத்தார். போர்டை அழிக்கவே இல்ல. உங்க அக்கவுண்ட்டைத் திறந்து பாக்கட்டுமா? நீங்க சரின்னா மட்டும்தான். கேக்காம அடுத்தவங்க அக்கவுண்ட்ல நுழையக் கூடாது.”

“என்னோடதா? முடிஞ்சா திற, பாப்போம்.” திரையை அவள் பக்கம் திருப்பினார்.

பத்து விரலும் ஓடின. நான் கற்றுக்கொடுத்தபடி, விசைப்பலகையைக் குனிந்து பார்க்காமல் அடித்தாள். திரை மாறியது. தலைமை ஆசிரியையின் பெயருக்கு வணக்கம் சொன்னது.

ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

“இப்ப நான் இதுல ஒரு வாத்து போட்டா, போட்டது நீங்களா மேடம்?”

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். “மூடும்மா. முதல்ல அதை மூடு.” பிறகு என்னிடம், “தினமும் அடிக்கிறேன் சார். யார் பேர் இது?”

“என் மனைவி.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

“யாரும் எங்கேயும் போக வேண்டாம்” என்றார். “இன்னிக்கே எல்லாரும் மாத்தணும். நானும்.”

அவர் சொன்னபடியே கணினி வகுப்புக்கு வந்தார். முன்வரிசையில், குழந்தைகளின் ஸ்டூலில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். நான் பலகையைச் சுத்தமாக அழித்தேன்.

“சார், ஒரு உதாரணம் எழுதுங்க!”

“மாட்டேன்.”

அறையே சிரித்தது. நாற்பது பிள்ளைகளும் இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு அடித்தார்கள். தலைமை ஆசிரியையும் மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தார்.

வகுப்புப் பக்கத்தில் முதல் பதிவு வந்தது. லீடரின் பெயரில்.

‘வாத்து நான் வரைந்தது. திட்டு வாங்கப் பயந்து ரேடியோவின் கணக்கில் போட்டேன். மன்னித்துவிடுங்கள் மேடம். ரேடியோ, நீயும்.’

லீடர் எழுந்து நின்றாள்.

தலைமை ஆசிரியை இரண்டு முறை படித்தார். “சொந்தப் பேர்ல போட்டிருக்கே. நாளைக்கு என் ரூமுக்கு வா. திட்டு உண்டு. அழுதுட்டு வராதே.” கொஞ்சம் யோசித்தார். “ஆமா, என் நடை அப்படியா இருக்கு?”

முப்பத்தொன்பது பேர் குனிந்துகொண்டார்கள்.

“கொஞ்சம், மேடம்” என்றாள் ரேடியோ.

முதலில் சிரித்தது தலைமை ஆசிரியைதான். அதற்கப்புறம் நாற்பது பேரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ரேடியோ மேசையில் தாளம் போட்டாள். லீடர் அழுதுகொண்டே சிரித்தாள்.

“சார், நீங்க மாத்திட்டீங்களா?” ரேடியோதான் கேட்டாள்.

நான் மாற்றவில்லை.

“எல்லாரும் திரும்புங்க! சார் அடிக்கப் போறாரு!”

நாற்பது முதுகுகள் திரும்பின. நாற்பத்தோராவதாகத் தலைமை ஆசிரியையும் ஸ்டூலோடு திரும்பினார்.

பழையதை ஒருமுறை அடித்தேன். உள்ளே போய்ப் புதியதை வைத்தேன்.

அது என்ன என்று சொல்ல மாட்டேன். பாடம் நடத்தியவனே சொல்லக் கூடாது.