மெஷினுக்கு வைத்த பொட்டு

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கில் வெள்ளரிக்காய் காய்க்கட்டும்.

தொண்ணூற்றாறில் குத்தம்பாக்கத்தில் பரந்தாமன் முதலாளி பசுமைக்குடில் போட்டார். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மண்ணென்று ஒரு பிடி கிடையாது. வெள்ளைக் குழாய்களில் உரத்தண்ணீர் ஓடும். அதில் வேரை நனைத்துக்கொண்டு வெள்ளரி காய்க்கும். எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும். வெளியே கம்பத்தில் அதற்கு ஒரு கண்ணாடிக் கண். வெளிச்சம் போனால் ராத்திரி என்று கதவைப் பூட்டும், விடிந்தால் திறக்கும். அதற்குக் காவல் நான். முப்பத்தெட்டு வயதிலும் மாப்பிள்ளையாகவே இருந்தேன்.

ஆயுத பூஜையன்று லோகநாயகியைப் பெண் கேட்கக் கரையான்சாவடி போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் ஆவடி குவார்ட்டர்ஸ் மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடுவதாக அவள் அம்மா கெங்கம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவசர அவசரமாக மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். கண்ணை மட்டும் விடலாமா? அதற்குத்தான் பெரிய பொட்டு. பிறகு புதுச் சட்டையை எடுக்க உள்ளே போனேன். மெஷினுக்கு இருட்டிவிட்டது. கதவு சாத்திக்கொண்டது.

மேலேயிருந்து பனிபோலத் தண்ணீர் தூவிக்கொண்டே இருந்தது. வெள்ளரிக்கொடி இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, காதோரம் பூ விட்டது. கால் விரல்களிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர் கிளம்பிக் குழாயைத் தேடியது.

மத்தியானம்வரை காத்திருந்து பார்த்துவிட்டு, பஸ் பிடித்துத் தாயும் மகளுமே வந்துவிட்டார்கள். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் கலங்கலாக லோகநாயகி.

“இன்னாய்யா, உன்ன ஊட்ல பாத்துகினு கீறோம், நீ இங்க காய்ச்சித் தொங்கிகினு கீறே?”

“அந்தக் கண்ணுல கீற பொட்டைத் தொடச்சிடு லோகா. கதவு தொறந்துக்கும்!”

அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு கம்பத்தருகே போனாள். கெங்கம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடியே, பொண்ணு கேக்குற அன்னிக்கிப் பொட்டை அழிப்பியா? நாளைக்கு உன் தாலிக்கில்ல வந்து நிக்கும்!”

“அது மெஷினும்மா.”

“மெஷினுன்னா? பூச போட்டாச்சில்ல?”

லோகநாயகி திரும்பி என்னையே பார்த்தாள்.

“நீயா வெளிய வர மாட்டியா?”

“பூட்டிக்கீது லோகா.”

வாசல் பக்கம் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “சரி. அங்கியே இரு” என்றாள்.

மறுநாள் வெயிலில் சந்தனம் காய்ந்து உதிர்ந்ததும் விடிந்துவிட்டதென்று மெஷின் கதவைத் திறந்தது. வேரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். தை மாதம் ஆவடியில் அவளுக்குக் கல்யாணம்.

இன்னொரு தகவல். பரந்தாமன் முதலாளி அந்தக் குடிலுக்குக் கடைசிவரை கதவே வைக்கவில்லை. வாசலில் ஒரு கோணிப்படுதாதான், காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.