கூப்பிட்டால் வரும் வல்லுநர்

புன்னைக்கோட்டகம் பேரூராட்சிக்கு மரங்களின் மேல் அக்கறை வந்தது பெரும்புயலுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் மரம் என்றால் விளம்பரத் தட்டி கட்டுவதற்கு, ஆணி அடித்து டியூஷன் சென்டர் நம்பர் மாட்டுவதற்கு. புயல் ஒரே ராத்திரியில் பாதி ஊரைப் படுக்கவைத்துவிட்டுப் போன பிறகு மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பேரிடரானாலும் சரி, ரோடு, வடிகால் வேலையானாலும் சரி, இனி எவனும் இஷ்டத்துக்கு மரத்தில் கை வைக்கக் கூடாது. கூப்பிட்டவுடன் வந்து நிற்கிற மர வல்லுநர் ஒருவரை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பார்த்துச் சொன்னால்தான் வெட்டு.

அடைக்கலராஜ் நாற்பது வருஷமாகக் கூப்பிட்டவுடன் போய் நிற்கிறவர்தான். புயல் அடித்த மறுநாள் விடியலில் ஆஸ்பத்திரி வாசலை அடைத்துக் கிடந்த புளியமரத்தை அறுத்து ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டவர் அவர். அன்றைக்கு யாரும் தாள் கேட்கவில்லை. அந்த தைரியத்தில் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு மனுக் கொடுக்கப் போனார்.

ஆபீசில் மரம், நாய், கொசு மூன்றையும் பார்த்துக்கொள்கிற கிளார்க் திருமுருகன் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சர்டிஃபிகேட் இருக்கா பெரியவரே?"

"யாருக்கு, மரத்துக்கா?"

"உங்களுக்குங்க. மரத்தப் பத்திப் படிச்சதுக்கு."

"நான் மூணாப்பு. நான் வெட்டின மரம் எவன் வீட்டு மேலயாவது விழுந்திருக்கான்னு ஊருல கேட்டுப் பாரு தம்பி."

"அதைக் கேக்க ஃபார்ம்ல கட்டம் இல்லீங்களே."

கட்டம் இல்லாததால் ஒப்பந்தம் ஒரு சென்னைக் கம்பெனிக்குப் போனது. ஒரு மாசம் கழித்து லோடு ஆட்டோவில் இரண்டு பேர் பெயின்ட் டப்பாவோடு வந்தார்கள். நல்ல மரத்துக்குப் பச்சைப் பட்டை, வெட்ட வேண்டிய மரத்துக்குச் சிவப்பு என்று பேச்சு. சிவப்பு டப்பாவை அவர்கள் திறந்ததை யாரும் பார்க்கவில்லை. எல்லா மரத்துக்கும் பச்சை அடித்தார்கள். பட்டுப்போன முருங்கைக்குப் பச்சை. வேகத்தில் ஒரு மின்கம்பத்துக்கும் பச்சை. வல்லுநர் எங்கே என்று டீக்கடையில் கேட்டதற்கு, அவர் எல்லாம் பார்த்துவிட்டார் என்று சொல்லிவிட்டு போண்டா கேட்டார்கள்.

அடைக்கலராஜ் வீட்டு வாசலில், சவேரியார் தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரத்துக்குப் பதினேழாம் நம்பர். அதற்கும் பச்சைதான். அந்த மரத்தின் தெருப்பக்கத்து வேரைத்தான் புது வடிகால் தோண்டிய ஜேசிபி வாழைத்தண்டைப் போல நறுக்கி எறிந்திருந்தது. அன்றிலிருந்து மரம் மெல்ல மெல்ல வீட்டுப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் தட்டினால் காலிப் பானையைத் தட்டின சத்தம்.

அதன் நேர் கீழே, ஓட்டு வீட்டின் முன்னறையில் அவர் மனைவி அக்னஸ் படுத்திருந்தாள். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, தஞ்சாவூரில் பிளேட் வைத்து வீடு வந்து பத்து நாள்தான் ஆகிறது. ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த நிலைமையில் மறுபடியும் ஒரு புயல். ராத்திரி கரை கடக்கும் என்று ரேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

"நீங்களே வெட்டிடுங்களேன்" என்றாள் அக்னஸ்.

"போன தடவை லைப்ரரி வாசல்ல தொங்கின கிளைய அறுத்ததுக்கே ஸ்டேஷன்ல ஒரு நாள் பூரா குந்த வச்சான். இது பச்சை அடிச்ச மரம். தொட்டா உள்ளதான்."

"ஆன்டோகிட்டயாச்சும் கேளுங்க."

"அவன் சிங்கப்பூர்க்காரன் மரத்தைப் பாப்பானா, இதைப் பாப்பானா?"

ஆன்டோ அவர்களுடைய ஒரே மகன். அப்பன் பிடித்த கயிற்றிலேயே தொழில் பழகி, சிங்கப்பூர் போய் ரோட்டோர மரங்களைக் கழிக்கிற வேலையில் சேர்ந்து, அங்கே பரீட்சை எழுதி சர்டிஃபிகேட்டும் வாங்கியவன். கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தபோது அதைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு அடைக்கலராஜ் ஆபீசில் நின்றார். திருமுருகன் ரிப்போர்ட்டை எடுத்து வாசித்தான்.

"மரம் பதினேழு. ஆரோக்கியம் நன்று. சாய்வு இல்லை. வேர் உறுதி. வல்லுநர் நேத்து மறுபடியும் நேர்ல பாத்து கையெழுத்துப் போட்டிருக்காருங்க."

"நேத்து முழுக்க நான் வாசல்லதான் குந்தியிருந்தேன். ஒரு நாய் வந்துச்சு. மரத்தை நல்லாப் பாத்துச்சு, காலைத் தூக்கிட்டுப் போச்சு. அதுதான் வல்லுநரா?"

"பெரியவரே, வார்த்தைய அளந்து பேசுங்க."

"கூப்பிட்டா வருவான்னுதானே வச்சிருக்கீங்க? கூப்பிடு. என் பொண்டாட்டி கீழ படுத்திருக்கா. அவன் வந்து அந்த மரத்துக்குக் கீழ அஞ்சு நிமிஷம் நிக்கட்டும், நான் ஒத்துக்கிறேன்."

அவரை வெளியே அனுப்ப வேறு வழி தெரியாமல் திருமுருகன் கம்பெனி நம்பரை ஸ்பீக்கரில் போட்டான். தமிழுக்கு ஒன்று, அவசரத்துக்கு நான்கு. கொஞ்ச நேரம் வீணை வாசித்தார்கள். பிறகு ஒரு பெண், "உங்க ஏரியா எக்ஸ்பர்ட்டை கனெக்ட் பண்றேன் சார்" என்றாள்.

"ஹலோ, மர வல்லுநர், ஆர்பரிஸ்ட் பேசுறேன்" என்றது ஒரு குரல்.

"சார், புன்னைக்கோட்டகம் ஆபீஸ். பதினேழாம் நம்பர் மரம் சாயுதுன்னு ஒருத்தர் வந்து உக்காந்திருக்காரு."

குரல் ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "அது நல்ல மரம்தான் சார். நேத்துதான் நேர்ல பாத்தேன்."

அந்தக் கனைப்பு அடைக்கலராஜுக்குத் தெரியும். முப்பது வருஷமாகப் பொய்க்கு முன்னால் வருகிற கனைப்பு.

"டேய் ஆன்டோ, நேத்து எங்கடா வந்து பாத்த?"

மறுமுனையில், பின்னால் ஒரு ரயில் கதவு மூடுவதாக இங்கிலீஷில் சொல்லி, சீனத்திலும் மலாயிலும் சொல்லி, கடைசியில் சுத்தமான தமிழிலும் சொன்னது.

"எந்த ஊரு சார் அது?" என்றான் திருமுருகன். "நம்ம பக்கத்துல ரயில் இவ்வளவு மரியாதையா பேசாதே."

"அப்பா..." என்றான் ஆன்டோ.

லீவில் வந்தபோது கம்பெனி ஆள் பட்டுக்கோட்டையில் பிரியாணி வாங்கிக் கொடுத்து, சர்டிஃபிகேட்டை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, வெற்று ஃபாரம் முந்நூறில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போயிருந்தான். பேருக்குத்தான் என்றானாம். போன் வந்தால் எல்லாம் நல்ல மரம் என்று சொன்னால் போதும் என்றானாம்.

"நம்ம ஊருன்னு தெரியும்ப்பா. நம்ம வாசல்னு தெரியாது. அதுல நம்பர்தான் போட்டிருக்கும்."

"அடுத்தவன் வாசல்னா பரவால்லையாடா?"

"வெட்டச் சொல்லிடுங்க சார்" என்றான் ஆன்டோ, ஆபீஸ் குரலை விட்டுவிட்டு. "ஆனா நான் பாக்காமயே கையெழுத்துப் போட்டது வெளிய தெரிஞ்சா வேலை பர்மிட்டை ரத்து பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்க. அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

திருமுருகன் போனை வைத்தான். நேரில் வந்து பார்த்தார் என்று ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அவனும் சாட்சிக்கு ஒரு கையெழுத்துச் சுழித்திருந்தான்.

"போய் வெட்டுங்க பெரியவரே. தாளை நான் பாத்துக்கறேன்."

கடலுக்குப் போகக் கூடாது என்று மூன்று நாளாக எச்சரிக்கை இருந்ததால் மீனவத் தெருவில் ஆட்கள் சும்மா கிடந்தார்கள். அவர்களில் சிவசாமி படகு இழுக்கிற வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டு பேரோடு வந்தான். புயல் வருகிறதென்றால் அடைக்கலராஜுக்கு எப்போதும் அவர்கள்தான் ஆள். வலை இழுக்கிறவனுக்கு இழுப்பு எப்போது விட வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

அடைக்கலராஜ் ஏணி வைத்து ஏறி வடத்தை உச்சிக் கவட்டையில் கட்டினார். முதலில் வீட்டுப் பக்கத்துக் கிளைகளைக் கழித்தார். பிறகு இறங்கி, தெருப்பக்கம் விழும்படி அந்தப் பக்கம் வாய் வெட்டி, பின்பக்கம் ரம்பம் வைத்தார். உள்ளே மரமே இல்லை. ஈரமான கறுப்புத் தூள் கொட்டியது.

"ஆரோக்கியம் நன்று!" என்று கத்தினார்.

"வேர் உறுதி!" என்றான் ஆபீசிலிருந்து பின்னாலேயே வந்து வாசலில் நின்ற திருமுருகன், தன்னை அறியாமல்.

"ஏலோ!" என்று ஒன்பது பேரும் இழுத்தார்கள். மரம் ஒரு தரம் வீட்டைப் பார்த்து யோசித்தது. அப்புறம் அடித்தொண்டையில் முனகி, தெருப்பக்கம் திரும்பி, வெள்ளிக்கிழமை திறப்புவிழா வைத்திருந்த வடிகால் மேல் நீட்டிப் படுத்தது. ஓட்டில் ஒரு சில்லு பெயரவில்லை.

"பெரியவரே, வடிகால்!" என்று அலறினான் திருமுருகன்.

"ஒரு பக்கம் வடிகால், ஒரு பக்கம் அக்னஸ். எது வேணும்னு நீ முன்னாலயே சொல்லியிருக்கணும்."

காற்று ஏறிக்கொண்டிருந்தது. திருமுருகன் தன் பைக் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் வைத்து ஒரு போட்டோ எடுத்தான். கம்பெனிப் பணியாளர் பாதுகாப்புக் கவசத்துடன் வேலை செய்ததற்குச் சாட்சி. பிறகு ஒரு தாளை நீட்டினான். இன்று காலை வல்லுநர் நேரில் வந்து மரத்தைச் சோதித்து அகற்ற உத்தரவிட்டார் என்று எழுதியிருந்தது. கீழே வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும்.

"நேர்ல வந்தாரா?"

"வந்தாருன்னு போட்டாத்தான் உங்க பையன் தப்பிப்பான். நானும் தப்பிப்பேன்."

"கம்பெனி?"

"அது எப்படியும் தப்பிச்சிரும்."

அரசாங்கத் தாள் எதிலும் படிக்காமல் கை வைக்காதவர் அடைக்கலராஜ். இதை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். பொய் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, பேனாவை உளி பிடிக்கிற மாதிரி பிடித்துக் கையெழுத்துப் போட்டார். மீதி இருநூற்றுச் சொச்சம் மரமும் பச்சைப் பட்டையோடு அந்தந்த வீட்டு மேல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"அப்பா, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இருடா" என்று உள்ளே போய் அக்னஸின் காதில் போனை வைத்தார். "உன் மகன். நேத்து நேர்ல வந்து உன்னைப் பாத்துட்டுப் போனானாம். எப்படி இருந்தேன்னு அவனையே கேளு."