ஆள் ரெண்டு, நூத்தி நாப்பது கிலோ

மேஸ்திரி பல் விளக்கிக்கொண்டே ஷோரூமில் கொடுத்த வண்டிப் படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வழவழவென்ற தாள். பாறைமேல் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து நிற்கிறது வண்டி. ஓட்டுபவரைக் காணோம், சுற்றிலும் ஒரு மனுஷன் கிடையாது, வண்டி மட்டும் தானாக மலையேறி வந்ததுபோல் படம் பிடித்திருந்தார்கள். பற்பசை நுரை ஒரு சொட்டு டாப் மாடலின் மூக்கில் விழுந்தது. பதறிப்போய் பனியனால் துடைத்தார்.

"அந்தப் பதற்றத்துல பாதி எங்கமேல இருந்தா போதும்," என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. மூன்று வாரமாக வீட்டில் இதே பாட்டுத்தான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம், தலையணைக்கடியில் புத்தகம். அந்த அம்மாளுக்கு வண்டியின் நீள அகலம் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது, வேண்டாத வேலை.

வண்டி வேண்டும் என்பதில் தப்பில்லை. மேஸ்திரியின் தொழில் ஆழ்குழாய்க் கிணறுகளில் மோட்டார் பம்பு இறக்குவது, பழுதானால் ஏற்றிச் சரிபண்ணுவது. தோட்டங்களெல்லாம் மலைச்சரிவில். பாதை என்று சொல்லக்கூடியது பாதி தூரம்தான், மீதி கல்லும் சேறும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாவிட்டால் தொழிலே இல்லை. பழைய வண்டியோ ஏற்றத்தில் கியரை உதறிவிட்டு முனக ஆரம்பித்துவிட்டது.

எது வாங்குவது என்பதில்தான் மண்டை காய்ந்தது. சாதா மாடல், நடு மாடல், டாப் மாடல் என்று மூன்று. அதற்கு மேல் பேக்கேஜ் என்று தனியாக ஒரு பட்டியல். கையிலிருந்த பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, முன்னால் இரண்டே சீட்டுள்ள டாப் மாடல், அதோடு 'மலைப் பேக்கேஜ்': கறுப்பு ரிம், கூரைமேல் வரிசையாக விளக்கு, பக்கவாட்டில் புலிக்கோடு, உள்ளே தட்டு அளவுக்கு ஒரு திரை. இன்னொன்று, நடு மாடலில் டபுள் கேபின். பின்னால் இன்னொரு வரிசை சீட், இரண்டு கதவு, எல்லோருக்கும் பெல்ட். ஆனால் பார்க்க மொட்டையாக இருக்கும். சரக்குத் தொட்டியும் கொஞ்சம் குட்டை.

"குழாய் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குமே," என்று மேஸ்திரி கேட்பவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். நியாயமான காரணம்தான். ஆனால் உண்மைக் காரணம் குழாய் இல்லை, கண்ணாடிக்காரர்.

கண்ணாடிக்காரர் என்பவர் இதே தொழில் செய்யும் இன்னொரு மேஸ்திரி. வெயிலோ மழையோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார். போன மாதம் அவர் மலைப் பேக்கேஜோடு டாப் மாடலை எடுத்து வந்து டீக்கடை முன்னால் நிறுத்தினார். டீக்கடையே எழுந்து வெளியே வந்தது. ஒரு தோட்டக்காரர் ரிம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியே இப்படின்னா வேலை எப்படி இருக்கும்," என்று சொன்னாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து நம் மேஸ்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முடிவெட்டப் போனால் முடிவெட்டுகிறவரிடம் ரிம்மைப் பற்றிக் கேட்டார். பல்வலி என்று போனால், வாயில் பஞ்சோடு டாக்டரிடம் விளக்கு வரிசையைப் பற்றிக் கேட்டார். ஷோரூம் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை போன் போட்டார். ரிம் சாம்பல் நிறத்தில் கிடைக்குமா, கோடு மட்டும் தனியாக ஒட்டித் தருவீர்களா? அந்தப் பெண் பொறுமைசாலி. இல்லாவிட்டால் எண்ணையே மாற்றியிருப்பாள்.

கடைசியில் அந்தப் பெண்ணே அவரை வரச்சொல்லி, கணினியில் ஒரு படிவத்தைத் திறந்தாள். வண்டியில் என்னென்ன ஏறும் என்று சொன்னால் எந்த ஸ்பிரிங் போடலாம் என்று பார்த்துச் சொல்வார்களாம். மேஸ்திரி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். பம்பு இத்தனை கிலோ, குழாய் இத்தனை, பம்பைத் தூக்கும் இரும்பு முக்காலி, சங்கிலி, கப்பி. அவள் தட்டிக்கொண்டே வந்தாள்.

"அப்புறம் ஆள் ரெண்டு. ரெண்டு பேரும் ஒல்லிதான், நூத்தி நாப்பது கிலோ போட்டுக்க."

அவள் கை நின்றது. "சார், அவங்க உட்கார்ற கணக்குல வருவாங்களா, சரக்குக் கணக்குலயா?"

"முன்னாடி ரெண்டே சீட்டு. ஒண்ணுல நான், இன்னொண்ணுல கரண்ட் கசிவு பாக்குற மீட்டர். சரக்குலயே போடும்மா."

தொட்டியில் ஆள் ஏற்றக்கூடாது, அது சட்டப்படி தப்பு, காப்பீடும் கிடைக்காது என்று அவள் மெல்லச் சொன்னாள். சட்டத்தைப் பார்த்தால் பம்பு இறங்காது என்று மேஸ்திரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தாளை அச்செடுத்துக் கொடுத்தாள். மேஸ்திரி அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, போகிற போக்கில் கறுப்பு ரிம்மை இன்னொரு தடவை தடவிவிட்டுப் போனார்.

அந்த 'ஆள் ரெண்டு' யாரென்று சொல்லவேண்டும். ஒருவன் நெட்டை. முக்காலியின் உச்சியில் கப்பி மாட்ட அவன் உயரம் வசதி என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சேர்த்துக்கொண்டது. அதிர்ந்து பேசமாட்டான். இன்னொருவன் வாயாடி. அவன் பேசாமலிருந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். இருவரும் பழைய வண்டியின் தொட்டியில் குழாய்களின்மேல் குந்திக்கொண்டு, கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எப்போதும் அப்படித்தான். எல்லோரும் அப்படித்தான்.

மேஸ்திரி அசட்டையான ஆள் என்று நினைத்துவிடவேண்டாம். அவர் கயிறு கட்டுகிற அழகே தனி. ஒரு தடவை பம்பு உருண்டு விழுந்து நாசமாகிப் போனதிலிருந்து, கயிற்றை வேறு யாரையும் தொடவிடமாட்டார். தானே கட்டி, மூன்று முறை இழுத்துப் பார்த்து, கொக்கியை ஆட்டிப் பார்த்தபிறகுதான் வண்டி கிளம்பும். மின்கசிவு பார்க்கும் மீட்டருக்கு அதிர்ச்சி ஆகாது என்று அதை முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுவிடுவார். இவ்வளவு கவனம் எந்த மேஸ்திரிக்கு வரும்?

ஷோரூம் போய் வந்த மூன்றாம் நாள் மேல்தோட்டத்தில் வேலை. பழுதான பம்பைத் தூக்கித் தொட்டியில் ஏற்றிக் கட்டியாயிற்று, மூன்று முறை இழுத்தும் பார்த்தாயிற்று. நெட்டையும் வாயாடியும் ஏறிக்கொண்டார்கள். மதிய வெயிலில் வண்டி இறங்கியது. மேஸ்திரியின் புத்தி ஸ்டியரிங்கில் இல்லை. முன்சீட்டில் மீட்டர்மேல் விரித்து வைத்திருந்த படத்தில் இருந்தது. இன்றைக்கு முடிவு சொல்லிவிடவேண்டும், டாப் மாடல்தான், கண்ணாடிக்காரன் முகத்தில் ஈயாடக்கூடாது. அப்படியே ஒரு கணம் திரும்பிப் புலிக்கோட்டைப் பார்த்தார். பள்ளம் வந்தது தெரியவில்லை.

வண்டி தூக்கிப் போட்டது. தலை கூரையில் இடித்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தி, மேஸ்திரி கதவைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினார். ஓடிய வேகத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. கொக்கியை ஆட்டினார். "அப்பாடா," என்றார். "பம்பு அசையல."

தொட்டியில் வாயாடி மட்டும் இருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. வந்த வழியைக் கையால் காட்டினான்.

இருபதடி பின்னால், கல்லுக்குப் பக்கத்தில், நெட்டை கிடந்தான்.

மேஸ்திரி கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். எப்படி ஓடினார், எப்படித் தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. நெட்டைக்கு நினைவு இருந்தது. தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போய், நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. முன்சீட்டு பெல்ட்டை அவிழ்த்து, மீட்டரையும் படப் புத்தகத்தையும் வாரி வாயாடியிடம் கொடுத்துவிட்டு, நெட்டையை அங்கே உட்காரவைத்தார். ஒன்பது வருஷத்தில் நெட்டை அந்த சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் தோள்பட்டை எலும்பு முறிவு என்றார்கள், நெற்றியில் ஏழு தையல். அரையடி தள்ளி விழுந்திருந்தால் கல்லில் தலை பட்டிருக்கும் என்றார் டாக்டர். வராந்தாவில் மேஸ்திரி உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். வாயாடி மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தான். "மீட்டர் நல்லாத்தான் இருக்கு," என்று யாரும் கேட்காமலே சொன்னான். வழியெல்லாம் தொட்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

தகவல் தெரிந்து நெட்டையின் மனைவி ஓடிவந்தாள். வேலை செய்த இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், கையில் சோப்பு நுரைகூடக் காயவில்லை. புருஷனைப் பார்த்து, நெற்றியைத் தொட்டு, ஒரு மூச்சு அழுதாள். அப்புறம் வெளியே வந்து மேஸ்திரியின் முன்னால் நின்றாள். திட்டப்போகிறாள் என்று மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"பம்புக்கு ஒண்ணும் ஆகலையேங்க?" என்றாள் அவள்.

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துபோய்த்தான் கேட்டாள். பம்பு உடைந்திருந்தால் அது தன் புருஷன் தலையில் விழுமோ, வேலை போய்விடுமோ என்று அவளுக்குக் கவலை. மேஸ்திரி அவள் கையிலிருந்த சோப்பு நுரையையே பார்த்தார். இந்தக் கேள்வியை இவள் எங்கே கற்றுக்கொண்டாள்? ஒன்பது வருஷமாக வீட்டுக்குப் போய் நெட்டை என்ன சொல்லியிருப்பான்? பம்பு பத்திரம், மேஸ்திரிக்கு அதுதான் முக்கியம் என்று சொல்லியிருப்பான். வெட்கத்தில் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டார். துவைக்க எடுத்த மனைவி, பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். பம்பு, குழாய், முக்காலி, சங்கிலி, கப்பி, ஆள் ரெண்டு நூத்தி நாப்பது கிலோ. இரண்டு தடவை படித்தாள்.

"இதுல உங்க எடை எங்க?"

"நான் சீட்டுல இருக்கேன். நான் எப்படி சரக்குல வருவேன்?"

தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தன் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்டுக்கொண்டு மேஸ்திரி வெகுநேரம் நின்றார். மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிவாயிற்று.

மறுநாள் ஷோரூம் திறக்கும்முன்பே வாசலில் நின்றார். அந்தப் பெண் ரிம் விஷயம்தான் என்று நினைத்து, அலுப்பை மறைத்துக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரி தாளை மேஜைமேல் வைத்தார். கடைசி வரியைப் பேனாவால் அடித்திருந்தார்.

"இந்த ரெண்டு பேரையும் சரக்குலேருந்து எடுத்துடும்மா. சீட்டுல போடு. டபுள் கேபின். ரிம் எந்தக் கலரா இருந்தாலும் பரவாயில்ல."

குழாய் வெளியே நீட்டுமே என்று அவளே நினைவுபடுத்தினாள். நீட்டினால் நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொள்கிறேன் என்றார். கூரைமேல் ஒரு கம்பிச் சட்டம் போட்டால் குழாய் அதிலேயே படுத்துக்கொள்ளும், விளக்கு வரிசையைவிட மலிவு என்று அவள் சொன்னாள். அடடா, இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் ரிம்மைத் தவிர எதையும் கேட்கவில்லையே சார் என்றாள். அதுவும் சரிதான்.

இரண்டு மாதம் கழித்து நெட்டை வேலைக்குத் திரும்பினான். அதுவரைக்கும் கூலி வீடு தேடிப் போய்க்கொண்டிருந்தது. முதல் நாள் புது வண்டியில் பம்பை ஏற்றிக் கட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்த மேஸ்திரி, அதோடு நிற்கவில்லை. பின்கதவைத் திறந்து நெட்டையின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், சுற்றி வந்து வாயாடியின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தார். மீட்டர் நெட்டையின் மடியில் இருந்தது.

"எங்களுக்கும் மூணு இழுப்பா மேஸ்திரி?" என்றான் வாயாடி. "உன் வாய்க்கு நாலு போடணும்," என்றார் அவர்.

டீக்கடையில் நிறுத்தினார்கள். யாரும் எழுந்து வெளியே வரவில்லை. கண்ணாடிக்காரர் மட்டும் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கூடவே அவருடைய வண்டியும் நின்றது, கறுப்பு ரிம், விளக்கு, புலிக்கோடு எல்லாம் பளபளக்க. தொட்டியில் முக்காலிக்கும் சங்கிலிக்கும் நடுவே மூன்று பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மேஸ்திரி, இவ்வளவு செலவு பண்ணி இப்படி மொட்டையா எடுத்திருக்கீங்க? நாலு பேர் பார்த்தா மதிக்கவேணாமா?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்த வார்த்தை மேஸ்திரியை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்திருக்கும். இப்போது அவர் டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். என் பம்பு பத்திரமா இருந்துச்சு, என் ஆளு ரோட்டுல கிடந்தான். அன்னிக்குத்தான் புத்தி வந்துச்சு. நம்மள நம்பி வேலைக்கு வர்றவன் சரக்கு இல்லீங்க, மனுஷன். அவன் வீட்டுலயும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கா. அவனை உட்காரவைக்க இடமில்லாத வண்டி எந்த மாடலா இருந்தா என்ன, அதுல ஏறுறவனுக்கு மதிப்பு ஏது, ஓட்டுறவனுக்குத்தான் மதிப்பு ஏது?"

கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் தொட்டியிலிருந்து அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே நின்றார்.