பதினேழாம் நம்பர் ரத்தம்

"முப்பத்தொண்ணு," என்றார் டாக்டர் ஷைலோபெக், தாளை மேஜையில் விசிறிவிட்டு. "நாற்பது இருந்தாத்தான் உள்ளே. உன் தம்பின்னு சொன்னா நம்பர் ஏறிடுமா, புருல்?"

புருல் தாளை எடுத்து மடித்தாள். பிஷ்கெக்கின் அந்த இதய ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக ரத்தம் எடுத்து அளந்து வருபவள். நாற்பது என்றால் நாற்பதுதான் என்று அவளே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

சில நோயாளிகளின் இதயச் செல்லில், மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி அடுப்புகளில் ஒரு புரதம் மிதமிஞ்சிச் சுரந்து ரத்தத்தில் கசிகிறது. யாருக்கு வியாதி முற்றியிருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது அந்தப் புரதம்தான். டாக்டரின் புது மருந்து குறிவைத்து அடிப்பதும் அதையேதான்.

தம்பி எர்மெக்குக்கு முப்பத்து நான்கு வயது. குதிரை விளையாட்டில், ஓடும் குதிரையிலிருந்து குனிந்து, செத்த ஆட்டின் உடலை ஒற்றைக் கையால் அள்ளிக்கொண்டு பறந்தவன். இப்போது ஓஷ் பஜாருக்குப் போக மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வருடம் என்று மற்ற டாக்டர்கள் கை விரித்துவிட்டார்கள். இந்த மருந்துச் சோதனைதான் மிச்சமிருந்த கதவு.

"வியாழக்கிழமை இன்னொரு தரம் எடு," என்றார் டாக்டர். "அன்னைக்கும் குறைஞ்சா இந்தப் பக்கமே கூட்டிட்டு வராத. அந்தப் படுக்கைக்கு நாரின் ஊர்ல இருந்து ஒருத்தன் காத்திருக்கான்."

நம்பரை எப்படி ஏற்றுவது என்று புருலுக்குத் தெரியும். போன வசந்தத்தில் ஓட்டப்பந்தயக்காரர்களின் ரத்தத்தை அளந்தவள் அவள்தானே. ஓடி முடித்ததும் அளவு எகிறும், ஒரு மணி நேரம் படுத்தால் இறங்கிவிடும். அதனால்தான், ஒரு மணி நேரம் படுக்கவைத்த பிறகே ரத்தம் எடுப்பது என்று விதி.

வியாழக்கிழமை காலை எர்மெக்கைப் படிக்கட்டின் அடியில் நிறுத்தினாள். மேலே ஏழு மாடி.

"ஏறு."

"லிஃப்ட் இருக்கேக்கா."

"மருந்து வேணுமா, லிஃப்ட் வேணுமா?"

மூன்றாம் மாடியில் அவன் கைப்பிடியில் சாய்ந்தான். "மச்சான் உன்கூட எப்படித்தான் குப்பை கொட்டறாரோ. ஒரு குதிரையாவது கொண்டு வந்திருக்கலாம்."

"குதிரைக்கு எதுக்கு இந்தப் பாவம். நீயே ஏறு."

ஐந்தாம் மாடியில் அவன் உதடு நீலம் பாரித்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். புருல் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா உயிரோட இருந்தா உன்னைக் கிள்ளி வச்சிருப்பா," என்றான் மூச்சுக்கு நடுவே.

"ஆட்டைத் தூக்கினவனுக்குத் தன் உடம்பைத் தூக்க வக்கில்லையா? இனிமே பொம்பளைங்ககூட உட்கார்ந்து மாவு பிசை. மந்திக் கொழுக்கட்டை செய்யக் கத்துத் தரேன்."

அது தைத்தது. முறைத்துக்கொண்டே எழுந்தான். ஏழாம் மாடியில் அவன் சுவரில் சரிந்த மறுகணம் ஊசியைச் செருகி ரத்தம் எடுத்தாள். பிறகு கீழே வந்து படிவத்தை எடுத்தாள். 'ஒரு மணி நேர ஓய்வு' என்ற கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டாள்.

ஐம்பத்திரண்டு.

"சுயுன்சு கொடு," என்றபடி தாழ்வாரத்துக்கு ஓடினாள். நல்ல செய்தி கொண்டு வந்தவர் அப்படிக் கேட்டுவிட்டால், கையில் இருப்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எர்மெக் பூட்ஸுக்குள் கைவிட்டுக் கம்ச்சியை உருவினான். தோல் பின்னிய குதிரைச் சவுக்கு. யாரையும் தொடவிடாத பொருள்.

"வச்சுக்கோக்கா. திரும்பக் குதிரை ஏறினா இரவல் கேட்பேன்."

திங்கட்கிழமை மருந்து ஏறியது. எர்மெக்கின் ரத்தக் குப்பிக்குப் பதினேழாம் நம்பர். புதன்கிழமை அளந்தபோது அளவு மூன்று.

டாக்டர் ஷைலோபெக் விசிலடித்தார். "ஐம்பத்திரண்டுல இருந்து மூணு. இந்த மாதிரி அடி எவனும் அடிச்சதில்ல. நல்லவேளை, அந்த நாரின்காரனைச் சேர்க்கல. அப்புறம் அளந்து பார்த்தா அவனுக்கு வெறும் இருபத்தெட்டு. போட்டிருந்தா ரெண்டு வாரத்துல பிணம்."

புருல் குப்பியைக் கீழே வைத்தாள். "ஏன் டாக்டர்?"

"அளவு மிஞ்சினவனுக்குத்தான் அந்தப் புரதம் விஷம். குறைஞ்சவனுக்கு அதுதான் ஊன்றுகோல். நோஞ்சான் இதயம் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது. அதைப் பிடுங்கினா?"

"போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாதா?"

"ஒட்டினா ரெண்டு வாரத்துக்கு விடாது. அதுதானே இதோட அழகு."

அவள் சொல்லிவிட்டாள். ஏழு மாடி, காலர், டிக், எல்லாம்.

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பியபோது முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"என்னால செய்யக்கூடியது எதுவும் இல்ல. வெளியே சொன்னா உனக்கு ஜெயில், எனக்கு வேலை போச்சு. குறைஞ்ச அளவுக்காரனுக்கு என்ன ஆகும்னு எலியிலதான் பார்த்திருக்கோம், மனுஷன்ல இல்ல. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, கடைசி வரைக்கும் ரத்தம் எடு. உன் கைக்குத்தான் அவன் நரம்பு பழக்கம்."

புருல் ஊசித் தட்டோடு ஐந்தாம் மாடி வார்டுக்குப் போனாள். எர்மெக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பாதி கடித்த பூர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு.

"நர்ஸ் சொல்லிட்டா, மூணாம். இந்தத் தரம் நான்தான் முந்திக்கிட்டேன். சுயுன்சு கொடு."

அவள் தட்டைக் கட்டிலோரம் வைத்தாள்.

"கஞ்சப் பிசினாரி. கேட்டா கொடுத்துத்தானே ஆகணும்?"

புருல் பையிலிருந்து கம்ச்சியை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் சிரித்தபடி காற்றில் ஒருமுறை சொடுக்கினான். இரண்டாவது முறைக்குக் கை பாதியிலேயே நின்றது.

"என்னக்கா இது," என்றான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "படியே ஏறல. மூச்சு வாங்குது."

அவள் அவன் சட்டைக் கையை மடித்துவிட்டாள். நரம்பு உடனே கிடைத்தது.