மணல்திட்டில் ஐவி

எழுத்துக்குத் தனிமை வேண்டும் என்று ரேலீனின் தலையில் ஏற்றியவர் க்ளைவ். டர்னர் குடா நூலகத்தில் மாதாமாதம் கூடும் எழுத்துக் கூட்டத்தை நடத்துகிறவர். இதுவரை ஒரு கதையைக்கூட முடித்ததில்லை. ஆனால் எழுத்தாளர் எப்படி வாழ வேண்டும் என்று கேட்டால் வாய் ஓயாது. விடியுமுன் எழ வேண்டுமாம், மனசு உடைந்திருக்க வேண்டுமாம், எழுதி முடிக்கும்வரை கதையை ஈ காக்கைக்குக்கூடச் சொல்லக் கூடாதாம். சொன்னால் ஆவியாகிவிடுமாம்.

ரேலீனுக்குச் சிப்பிக் கொட்டகையில் வேலை. பாதி நாவல் எழுதி வைத்திருந்தாள். அதில் ஐவி என்பவள் அடிக்கிற புருஷனின் படகை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக ஓடுகிறாள். வழியில் ஓதம் இறங்கிக் கடல்நீர் உள்வாங்க, படகு மணல்திட்டில் உட்கார்ந்துவிடுகிறது. கதையும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இந்த வருட விடுப்பை முழுக்க இதற்கே கொடுப்பது, அப்படியும் நகராவிட்டால் எழுத்துக்கே கும்பிடு போடுவது என்று முடிவு செய்தாள்.

கடலோரமாகத் தங்க ஒரு கேரவன் வண்டியை வாடகைக்குப் பிடித்தாள். பாவம், க்ளைவ் சொன்னபடி இருட்டிலேயே எழுந்தாள், ஒருவரோடும் பேசவில்லை, மனசு உடையட்டும் என்று முதல் காதலனை நினைத்துப் பார்த்தாள். அவன் வழுக்கை ஞாபகம் வந்து சிரிப்புதான் வந்தது. ஒரு வரிகூட எழுதவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் வழக்கம்போல எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்று, ஒட்டிக்கிடந்த சிப்பிகளைத் தட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விடுப்பு எப்படிப் போனது என்று பக்கத்தில் நின்ற டோரீன் கேட்டாள். எழுத்தெல்லாம் நமக்குச் சரிப்படாது, விட்டாயிற்று என்றாள் ரேலீன்.

"விட்டது கெடக்கட்டும். என்ன கதை அது?"

செத்த கதையைச் சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். மணல்திட்டு வந்ததும் நிறுத்தினாள். அந்த மேஜையில் அது நடக்காது. ஆரம்பித்த கதையைத் தேநீர் மணிக்குள் முடிக்காதவர்தான் அன்று எல்லோருடைய கோப்பையையும் கழுவ வேண்டும்.

"தண்ணி திரும்ப ஏற மத்தியானம் ஆயிடுமே, கண்ணு. விடிஞ்சா ஊரே பாக்குமே. அவ என்னதான் பண்ணுவா?" என்றாள் டோரீன்.

ரேலீன் யோசிக்கவில்லை. கை அதுபாட்டுக்குச் சிப்பியைத் தட்டிக்கொண்டிருந்தது, வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது.

"படகுல ஒரு மடக்கு நாற்காலி இருக்கு. அத மணல்ல போட்டு, ஊருக்கு முதுகக் காட்டி உக்காந்துக்கிறா. புருஷன் கரையிலேருந்து கத்துறான். திரும்பிக்கூடப் பாக்கல."

"அவன் சும்மா விடுவானாக்கும்."

"விடல. சேத்துல எறங்கி நடந்து வர்றான். பாதி வழியில தொடை வரைக்கும் பொதைஞ்சுடறான். அப்பதான் தண்ணி ஏற ஆரம்பிக்குது. பக்கத்துல இருக்கிறது அவ படகு மட்டும்தான்."

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. மணி அடித்தது, ஒருவரும் தேநீருக்கு நகரவில்லை. கேரவனில் ஒரு வார்த்தைக்கு ஏங்கியவளுக்கு, சிப்பி நாற்றத்துக்கும் எட்டுக் காதுகளுக்கும் நடுவில் ஒரு அத்தியாயமே வந்துவிட்டது.

"தூக்கிவிட்டாளா, இல்லையா?" டோரீனின் குரல் இறங்கியிருந்தது.

"தெரியலயே."

"அப்ப போய் எழுது. கோப்பைய நான் கழுவிக்கிறேன்."

ரேலீன் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, நோட்டுப் புத்தகம் கிடந்த காருக்கு ஓடினாள். ஐவி என்ன செய்வாள் என்று அவளுக்கும்தான் தெரிந்தாக வேண்டியிருந்தது.