கேமரா கழன்ற காரணம்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் மாமியார் ஒரே ஒரு தடவைதான் என் பக்கம் பேசினார். நான் காறை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அன்றைக்கு. அந்தச் சுகத்துக்காக ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்து திட்டுவதை விட இப்போதே திட்டிவிட்டுப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு பைக். ஒன்று என் வீட்டுக்காரருடையது, ஒன்று என்னுடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். வாரம் முழுக்க அவர் இருட்டுக்குள் மேலேயும் கீழேயும் போய் வருவார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பேன். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நேராக, நீளமாக, வெயிலில் எங்கேயாவது போய்விட்டு வர வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரு வெறி. அவர் முன்னால் போவார், நான் பின்னால். அவருடைய வண்டியின் வால் பக்கத்தில் ஒரு சின்ன கேமரா, பின்னோக்கிப் பார்த்தபடி. நான் வண்டி ஓட்டி வருவதை அது படம் பிடிக்கும். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் இரண்டு மணி நேரமும் நான்தான் கதாநாயகி. எங்களைத் தவிர வேறு யாரும் அந்தப் படங்களைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கேமராவை மாட்டுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுவார். பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பார். காய்ந்ததும் இரண்டு பக்கமும் பசை உள்ள பட்டையை வைத்து, அறுபது எண்ணும் வரை கட்டைவிரலால் அழுத்துவார். அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் அதைத் தொடக்கூடாது.

"பசை பிடிக்க நேரம் குடுக்கணும். மாமியார் மருமக மாதிரி," என்பார்.

"அப்ப ஒரு நாள் பத்தாதுங்க," என்பேன்.

எல்லாம் முடிந்ததும் கேமராவிலிருந்து வண்டியின் கம்பிக்கு ஒரு கயிறு கட்டுவார். பட்டை விட்டுப் போனாலும் கேமரா கயிற்றில் தொங்கும், ரோட்டில் விழாது. ஆனால் அந்தக் கயிறு காற்றில் ஆடி, படத்தில் என் மூஞ்சிக்கு முன்னால் எலிவால் போல வந்து வந்து போனது. "கழட்டிடவா?" என்று கேட்டார். "கழட்டுங்க, மூஞ்சியே தெரியல," என்றேன். கழற்றிவிட்டார்.

அடுத்த பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவர் வண்டியின் வால் பகுதியைக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, காயட்டும் என்று மேலே டீ குடிக்கப் போயிருக்கிறார். நான் வேலை முடிந்து அப்போதுதான் வந்து என் வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் அவருடைய வண்டி. ஈரம் காய்ந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்துப் போய், சாம்பல் பூசின மாதிரி இருந்தது. படத்தின் கீழ் ஓரத்தில் அந்த இடம் கொஞ்சம் தெரியும். கதாநாயகி வருகிற படத்தில் இப்படி ஒரு அழுக்கு விளிம்பா? என் வண்டிப் பெட்டியில் பாலிஷ் டப்பா இருந்தது. நாலு தேய் தேய்த்தேன். பளபள என்று வந்துவிட்டது. டப்பாவை மூடி வைத்துவிட்டு மேலே போய்க் குளித்தேன். அவர் டீயைக் குடித்துவிட்டுக் கீழே போய்ப் பட்டையை ஒட்டினார். பளபளப்பைப் பார்த்து, தான் துடைத்த துடைப்பு என்று நினைத்திருப்பார். அன்றைக்கு அவருக்கு மூக்கடைப்பு வேறு, பாலிஷ் வாசனை ஏறவில்லை.

ஞாயிறு காலை எட்டரை மணிக்குக் கேமரா கழன்று விழுந்தது. தார் ரோட்டில் ஒரு குதி குதித்து நேராக என் முன் சக்கரத்துக்கு வந்தது. நான் ஹேண்டிலை ஒடித்தேன். வண்டி ரோட்டை விட்டு ஜல்லியில் இறங்கியது, நான் தோளில் விழுந்தேன். பின்னால் லாரி எதுவும் வராததால் இதை எழுத ஆள் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். உடைந்த கேமராவும் அதில் இருந்தது. நல்ல கையால் எடுத்துப் பார்த்தேன். பட்டை அப்படியே கேமராவின் தாங்கியோடு வந்திருந்தது. விரலால் தடவினேன். ஒட்ட வேண்டிய பட்டை வழுக்கியது. மோந்து பார்த்தேன், என் பாலிஷ். என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளே வந்தார்.

"ஏண்டா, உனக்கு அறிவிருக்கா? பொண்டாட்டி பின்னாடி வர்றான்னு தெரியும்ல? கையளவு சாமானை ஒழுங்கா மாட்டத் தெரியல, நீயெல்லாம் லிஃப்ட் மாட்டுறியா?"

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து, சுளை சுளையாக என் வாயில் வைத்தார். "நீ சாப்பிடுமா. அவன் கிடக்கான்," என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மருமகள் உடைத்த குடத்துக்கு மகன் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆரஞ்சைச் சாப்பிட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, கட்டுப் பிரித்ததும் சொல்லலாம் என்று தோன்றியது. கட்டுப் பிரித்தபோது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துவிட்டது. பொய் சொன்னால் கூட அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். நான் செய்ததற்கு அதுவும் தேவைப்படவில்லை, சும்மா இருந்தால் போதும்.

அவர் மாறிக்கொண்டே வந்தார். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். வேலையிடத்தில் முறுக்கிய போல்ட்டையே மூன்று தடவை முறுக்குகிறார், அரை நாள் வேலையை இரண்டு நாள் இழுக்கிறார் என்று அவருடைய மேற்பார்வையாளர் சொன்னாராம். கொஞ்ச நாள் ஸ்டோரில் இருக்கட்டும் என்று உதிரி பாகங்களை எடுத்துக் கொடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். பதினெட்டு வருஷம் லிஃப்ட் ஓடும் இருட்டுக் கூண்டில், ஷாஃப்ட்டில், ஏறி இறங்கிய ஆள், ஜன்னல் வழியாக நட்டும் வாஷரும் நீட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஐந்தாவது மாதம் டாக்டர் நான் இனி வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். போகலாம், பழையபடி போகலாம் என்று அவரைப் பிடுங்கி எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் புதுக் கேமராவோடு கீழே இறங்கினார். இந்தத் தடவை பட்டை கிடையாது. சாமான் வைக்கும் இரும்புக் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ஒரு தாங்கி, அதிர்வில் தளராத நட்டு, இரண்டு கயிறு. கட்டின கட்டைப் பார்த்தால் கன்றுக்குட்டியே அறுத்துக்கொண்டு போக முடியாது. எல்லாம் மாட்டி முடித்தார். கழற்றினார். திரும்ப மாட்டினார். ஒன்றரை மணி நேரம் இதுவே நடந்தது. நான் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து பார்த்தேன்.

கடைசியில் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முடியல மா. ஸ்டோர்லயே நிரந்தரமா போட்டுடுங்கன்னு லெட்டர் எழுதி வச்சிருக்கேன். நாளைக்குக் குடுக்கப் போறேன்."

"ஒரு கேமரா விழுந்ததுக்கா?"

"விழுந்ததுக்கு இல்ல. நான் எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. தெரிஞ்சா திருத்திக்குவேன். கழுவினேன், துடைச்சேன், அழுத்தினேன், ஒரு நாளுக்கு மேலயே விட்டேன். எல்லாம் சரியாப் பண்ணியும் கழண்டிருக்கு. நாளைக்கு ஒரு லிஃப்ட்ல எல்லாம் சரியாப் பண்ணிட்டேன்னு நான் எதை வச்சு நம்புறது?"

வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைச் சொன்னேன். பாலிஷ், வழுக்கிய பட்டை, ஆரஞ்சு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார். என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"எனக்காக இப்படியெல்லாம் பொய் சொல்றியா? விடு."

ஐந்து மாத மௌனத்தை நம்பிய மனுஷன் ஐந்து நிமிட உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேலே போய் பழைய பட்டைப் பாக்கெட்டை எடுத்து வந்தேன். அதில் இரண்டு பட்டை மிச்சம் இருந்தது. வண்டியின் வால் பகுதியில் இடது பக்கம் பாலிஷ் போட்டேன். வலது பக்கத்தை அவரையே ஸ்பிரிட்டால் துடைக்கச் சொன்னேன். இரண்டு பட்டையையும் அவரே ஒட்டினார், அறுபது அறுபது எண்ணினார். இரண்டிலும் தாங்கியை மாட்டி, அரை அரை பாட்டில் தண்ணீர் கட்டித் தொங்கவிட்டோம்.

"நாளைக்குச் சாயங்காலம் பார்ப்போம். அது வரைக்கும் லெட்டர் குடுக்கக் கூடாது," என்றேன். அவர் என்னை முதல் தடவையாக ஒரு மாதிரி பார்த்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கீழே போனோம். இரண்டு பாட்டிலும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குப் பகீரென்றது.

"பாத்தியா?" என்றார் மெதுவாக.

"வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க," என்றேன்.

இன்ஜின் ஓடியது. வால் பகுதி நடுங்க, பாட்டில்களுக்குள் தண்ணீர் துள்ளியது. மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். இடது பக்கத்துப் பட்டை ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டது. அவர் குனிந்தார். அடுத்த நிமிஷம் அது மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்து பாட்டிலோடு தரையில் விழுந்தது. வலது பக்கத்தை அவர் கையால் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், வண்டியே அசைந்தது, பட்டை வரவில்லை. அவர் இன்ஜினை அணைத்தார்.

"அஞ்சு மாசம்," என்றார்.

நான் தரையில் கிடந்த பாட்டிலை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"ஏன்?"

"அத்தை முதல் தடவையா என் பக்கம் பேசினாங்க. அதை விட மனசு வரல."

இதற்கு அவர் சிரிப்பார் என்று ஒரு மூலையில் எனக்கு நப்பாசை இருந்தது. சிரிக்கவில்லை. கீழே விழுந்த பட்டையை எடுத்து, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கயித்தைக் கழட்டினது நான். நீ சொன்னாலும் கழட்டியிருக்கக் கூடாது. அது என் தப்பு, அதை நான் வச்சுக்கறேன். பாலிஷ் போட்டது தெரியாமப் பண்ணது. ஆனா வாயை மூடிட்டு இருந்தது உன்னுது. அம்மாகிட்ட நீயே சொல்லு."

அன்றைக்கு அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையிலும் பேசவில்லை. சட்டைப்பையில் அந்தக் கடிதம் இருந்ததா, இல்லையா, தெரியாது. கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

நான் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு மாமியாரின் எதிரில் போய் உட்கார்ந்தேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். என்னைத் திட்டுவார், என் வீட்டு ஆட்களையும் சேர்த்துத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தார். மகனுடைய சட்டை.

"நீயெல்லாம் லிஃப்ட் மாட்டுறியான்னு கேட்டேனே," என்றார். "எம்புள்ளைய அப்படிக் கேட்டுட்டேனே."

அழுதுகொண்டே போனை எடுத்து மகனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். எடுக்கவில்லை.

"கோவம் போகல. எங்கிட்டயும் பேச மாட்டான் போலிருக்கு," என்று என்னை முறைத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அத்தை, ஸ்டோர்ல இருந்தா முதல் மணிக்கே எடுத்துடுவாரு. இந்த அஞ்சு மாசமும் அப்படித்தானே எடுத்தாரு? ஷாஃப்ட்டுக்குள்ள இறங்குறவங்க போனை வெளிய வச்சுட்டுத்தான் இறங்கணும், அதான் அங்க சட்டம்."

மாமியார் கையிலிருந்த போனைப் பார்த்தார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. இனி இன்னொரு பன்னிரண்டு வருஷத்துக்குத் திரும்புவாரா என்பதும் சந்தேகம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் எனக்கும் கேட்கும்படி வைத்து, மறுபடி ஒரு தடவை அடித்தார். எடுத்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம்.