மாதாவுக்கு நேர்ந்த அண்ணம்

கையில் நோய் என்றால் வெள்ளியில் கை, கண்ணில் என்றால் கண். வில்லியனூர் மாதா கோயிலில் நேர்ந்துகொண்டு செலுத்துகிறவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. அந்தோணி மேரிக்குத்தான் பெரிய குழப்பம். அவள் மகள் செலின் பிறக்கும்போதே மேலுதடு பிளந்து, வாயின் மேற்கூரையான அண்ணத்திலும் பெரிய இடைவெளி. அண்ணம் செய்யத் தெரிந்த ஆசாரி எங்கே இருக்கிறான்? கேட்ட இடத்தில் எல்லாம் திருதிருவென்று விழித்தார்கள்.

கடைசியில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வழி பிறந்தது. பல் டாக்டர் குழந்தையின் அண்ணத்தை அச்செடுத்து, மாவுக்கட்டுப் போடும் மாவில் வார்த்து, அதன்மேல் ரோஸ் நிறத்தில் ஒரு தகடு செய்தார். தகடு குழந்தையின் வாய்க்கு. வார்த்த அண்ணத்தை மேரி கெஞ்சி வாங்கிவந்து வீட்டில் மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். குணமானதும் அது கோயிலுக்கு.

தகடு போட்ட பிறகுதான் பால் மூக்கில் வராமல் உள்ளே போனது.

"இது பாலுக்கு மட்டுமில்லப்பா. ரெண்டு பக்க எலும்பும் வளரும்போது கிட்டக் கிட்ட வர இது வழிகாட்டும். இடைவெளி குறைஞ்சா உதட்டுக்கு ஆபரேஷன். வெந்நீர் மட்டும் படக்கூடாது, கோணிப்போயிடும்" என்றார் டாக்டர்.

எலும்புக்குப் பிளாஸ்டிக் வழிகாட்டுமா! மேரியின் கணவன் இன்னாசிக்கு நம்பிக்கை வரவில்லை. சைக்கிள் கடைக்காரன். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் காலை தகடு வாய்க்குள் உட்காரவே மாட்டேன் என்றது. குழந்தை வீறிட்டது. பால் மறுபடியும் மூக்கில் வந்தது. தகடு கோணிவிட்டது, ஆபரேஷன் போச்சு என்றே நினைத்தான் இன்னாசி.

"வெந்நீல கழுவினியாடி?"

"மாதா மேல சத்தியமா இல்லீங்க!"

அவன் அரத்தை எடுத்தான். ஓரத்தைக் கொஞ்சம் ராவினால் உட்கார்ந்துவிடும். மேரி பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"இன்னாங்க, இது சைக்கிள் மட்கார்டா?"

அந்தக் கேள்விதான் அவனை நிறுத்தியது. சக்கரம் உரசினால் எடுத்த எடுப்பில் ரிம்மைத் தட்டுகிறவனா அவன்? கோணல் ரிம்மிலா, அதைத் தாங்கும் ஃபோர்க்கிலா என்றல்லவா முதலில் பார்ப்பான். மாதா படத்தடியில் இருந்த அண்ணத்தை எடுத்து, தகட்டை அதன்மேல் வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை.

தகடு கோணவில்லை. அப்படியென்றால்?

குழந்தையை மடியில் சாய்த்து, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தான். வார்த்த அண்ணத்தின் பிளவில் அவன் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. குழந்தையின் வாயில் பிளவு இன்னும் இருந்தது, ஆனால் அதில் விரல் நுழைய இடமே இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேரி, தகடு கெடல. புள்ளதான் வளந்துட்டா. வேற தகடுதான் வோணும். கெளம்பு, டாக்டராண்ட காட்டலாம்."

மேரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாவு அண்ணத்தைப் புதுத் துணியில் சுற்றினாள்.

"போற வழியில கோயிலாண்ட நிறுத்துங்க."

"கொணமானப்புறம்னு தான நேந்துகின? இன்னும் ஆபரேஷனே ஆவலியே!"

"அது ஆவட்டும். இது இனிமே எம்மவ வாய் இல்ல. இத இன்னாத்துக்கு வூட்ல வெச்சிக்கிறது?"